காந்தம் ஒட்டுகிற சைலன்சர் பைப் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எவர்சில்வர்) தானா? எந்த ராடு போட்டுப் பற்ற வைப்பது?

#1 உப்பளவாசி (தூத்துக்குடி)

வணக்கம். என் வண்டி 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக். வீடு உப்பளத்திலிருந்து கூப்பிடு தூரம், அதனால் துரு எனக்குப் பழைய சொந்தக்காரன். போன வாரம் திடீரென்று கீழே உறுமல் சத்தம். படுத்துப் பார்த்தால், நடு பைப் பின்பக்க டப்பாவுக்குள் நுழையும் இடத்தில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ரப்பரில் தொங்குகிற கொக்கியை வெல்டு செய்த இடத்திலும் விரிசல். ஆனால் மற்ற இடமெல்லாம் பழுப்பேறி இருக்கிறதே தவிர, தட்டினால் கணீரென்று கேட்கிறது. செதில் செதிலாக உதிரவில்லை.

என்னிடம் சின்ன ஆர்கான் வெல்டிங் மெஷின் ஒன்று உண்டு. இரண்டு வருடமாக கேட், ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டி மூடி என்று கை பழகியிருக்கிறேன். கெட்டுப்போன இரண்டு அடியை வெட்டி எடுத்துவிட்டுப் புது பைப் போடலாம் என்று ஒரு பழைய இரும்புக் கடையில் நாலு அடி வாங்கி வந்தேன். இரண்டு அங்குலம், கனம் ஒன்றரை மில்லி. "அசல் 304 தம்பி, காந்தத்தை வெச்சுப் பாரு" என்றார் கடைக்காரர் (304 என்பது எஸ்.எஸ். வகையின் எண்). வைத்தேன், ஒட்டவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அதே காந்தத்தை வண்டி பைப்பில் வைத்தால் பச்சக்கென்று ஒட்டுகிறது. எஞ்சின் பக்கம் இருக்கிற வலை பின்னிய ஃபிளெக்ஸில் (வளைந்து கொடுக்கிற குழாய்) மட்டும் ஒட்டவில்லை.

அப்படியானால் கம்பெனி பைப் சாதா இரும்பா? இரும்பு என்றால் பத்து வருடத்துக்கு மேல் இந்த ஊர்க் காற்றில் எப்படித் தாங்கியது? இரண்டையும் சேர்த்துப் பற்ற வைக்க எந்த ஃபில்லர் ராடு (வெல்டில் உருக்கி ஊற்றுகிற கம்பி)?

#2 டீசல்ராஜா

காந்தம் ஒட்டினால் எஸ்.எஸ். கிடையாது ப்ரோ. வீட்டு எவர்சில்வர் டம்ளரில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. உங்களுடையது சாதா இரும்பு பைப், மேலே ஏதோ பூச்சு. சாதா இரும்பு ராடு போட்டு ஒட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

#3 ஆர்கான் அண்ணாச்சி (நெல்லை)

ராஜா தம்பி, இண்டக்‌ஷன் அடுப்புக்கு வாங்குகிற எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதே, அது என்ன இரும்புச் சட்டியா? ஒட்டவில்லை என்றால் அடுப்பே வேலை செய்யாது.

உப்பளவாசி தம்பிக்கு: கார் கம்பெனிகள் போடுகிற சைலன்சர் பைப் பெரும்பாலும் 409 என்கிற வகை. அது எஸ்.எஸ். தான், காந்தமும் ஒட்டும். பழுப்பேறும், ஆனால் அரித்துத் தின்னாது. நீங்கள் சொல்கிற அடையாளம் அப்படியே அதுதான். எனக்குச் சந்தேகம் உங்கள் வண்டி பைப்பில் இல்லை, கடைக்காரர் தந்த பைப்பில்தான். இப்போதே பற்ற வைத்துவிடாதீர்கள்.

#4 ஃபெரைட்

ஒரு ஃபவுண்டரி (உலோக வார்ப்பாலை) ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணாச்சி சொன்னதற்குக் கொஞ்சம் காரணம் சேர்க்கிறேன்.

காந்தம் "எஸ்.எஸ். ஆ இல்லையா" என்று சொல்லாது. உள்ளே அணுக்கள் எந்த வரிசையில் அடுக்கியிருக்கின்றன என்பதை மட்டும்தான் சொல்லும். குரோமியம் ஏறத்தாழ 10.5 சதவீதத்தைத் தாண்டினாலே அது ஸ்டெயின்லெஸ். அதோடு நிக்கல் 8 சதவீதம் போலச் சேர்த்தால் அடுக்கு மாறி ஆஸ்டெனிட்டிக் ஆகிவிடும், காந்தம் ஒட்டாது. 304, 316, 321 எல்லாம் இந்த வீடு. நிக்கல் இல்லாமல் குரோமியம் மட்டும் என்றால் ஃபெரிட்டிக், இரும்பு போலவே ஒட்டும். 409, 430, 439, 441 இந்த வீடு. 409இல் குரோமியம் 11 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக்கொள்ளத் தேவையான அளவு, அவ்வளவுதான். அதனால்தான் மேலே பழுப்பு நிறம். கூடவே கொஞ்சம் டைட்டானியம் உண்டு. வெல்டு செய்யும்போது கார்பன் போய்க் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளாமல் டைட்டானியம் முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிடும். 1960களின் தொடக்கத்தில் கார் மஃப்ளருக்கென்றே (சத்தம் அடக்குகிற டப்பா) உருவாக்கிய கிரேடு இது. நிக்கல் இல்லாததால் விலை குறைவு, கம்பெனிகளுக்கு அதுதானே முக்கியம். ரயில்வே நிலக்கரி வேகன்களில் வருகிற எஸ்.எஸ். கூட இதற்கு நெருங்கிய உறவுதான்.

ஃபிளெக்ஸில் ஏன் ஒட்டவில்லை என்றால், அது நாள் முழுதும் வளைந்து நிமிர வேண்டிய பாகம். அதற்கு 304, 321 மாதிரி இழுபடுகிற உலோகம்தான் சரி.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். 304ஐயே வளைத்தால் வளைவில் காந்தம் லேசாக இழுக்கும். குளிர்நிலையில் நசுங்கும்போது உள்ளடுக்கு கொஞ்சம் மாறிவிடும். பைப்பின் நீளவாட்டு வெல்டுக் கோட்டிலும் மெல்ல இழுக்கும், ஏனென்றால் 304 வெல்டில் சில சதவீதம் ஃபெரைட் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெல்டு ஆறும்போதே விரிசல் விடும். ஆகவே "லேசாக இழுக்கிறது, டூப்ளிகேட்" என்று நல்ல 304ஐத் தூக்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள்.

#5 டீசல்ராஜா

சரி, ஒப்புக்கொள்கிறேன். இண்டக்‌ஷன் பாயிண்டில் மடக்கிவிட்டீர்கள் அண்ணாச்சி. ஆனாலும் இரண்டு அடி பைப்புக்கு இத்தனை ஆராய்ச்சியா? ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாய் வாங்கிப் போட்டால் முடிந்தது.

#6 ஆர்கான் அண்ணாச்சி (நெல்லை)

அதைச் செய்தவன் நான். வயசு அப்போது 22. ஜி.ஐ. பைப்பில் இருக்கிற துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பியது, பட்டறைக் கதவைக்கூடத் திறக்கவில்லை. அன்று ராத்திரி குளிர்க் காய்ச்சல், வாயெல்லாம் இனிப்பு மாதிரி ஒரு ருசி, விடிய விடிய நடுக்கம். பட்டறை முதலாளி பால் வாங்கிக் கொடுத்தார், பாலால் ஒன்றும் ஆகவில்லை. அது போக, துத்தநாகம் சூடான எஸ்.எஸ். மேல் பட்டால் உள்ளே ஊடுருவி விரிசல் விடும். ஜி.ஐ.யும் எஸ்.எஸ்.ஸும் ஒரு வெல்டில் சேரவே கூடாது.

#7 செகண்ட் ஷிப்ட் (கோவை)

கடைக்காரர் தந்த பைப்பைப் பற்றிச் சொல்றேனுங்க. காந்தம் ஒட்டாததெல்லாம் 304 இல்லைங்க. நிக்கல் விலை ஏறுனதில இருந்து சந்தையில 200 வரிசை நிறைய ஓடுது. 201, 202, ஜே4 என்று பேரு. நிக்கலைக் குறைச்சு, அந்த இடத்துல மாங்கனீசைப் போட்டிருப்பாங்க. மாங்கனீசும் அடுக்கை மாத்திடும், அதனால காந்தம் ஒட்டாது. கண்ணுக்கு 304க்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாதுங்க, பாலிஷ் பண்ணினா இரண்டும் ஒரே பளபளப்பு. கிரில் கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் இதுதான் போகுது. அதுக்கு இது பரவாயில்லை. சைலன்சருக்கு வேண்டாமுங்க.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்குங்க. பழைய இரும்புக் கடைக்காரங்க வெச்சிருக்கிற சொட்டு மருந்து, கூட 9 வோல்ட் பேட்டரி. அரத்தால் சுத்தமா ராவி, ஒரு சொட்டு விட்டு, பேட்டரியின் ஒரு முனை உலோகத்திலும் இன்னொரு முனை சொட்டிலும் படும்படி சில நொடி பிடிக்கணும். என்கிட்ட இருக்கிற பாட்டிலில் 202க்குச் சிவப்பா மாறும், 304க்கு மஞ்சளாவே நிக்கும். பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் மாறும், அதனால தெரிஞ்ச துண்டு ஒண்ணுல முதல்ல பார்த்துக்கங்க. வீட்டு கிச்சன் சிங்க்கின் உள்பக்கம் 304ன்னு பில் இருந்தா அது போதும். கை கழுவ மறக்காதீங்க, அது ஆசிட்.

கிரைண்டரில் தீப்பொறியும் பாருங்க. சாதா இரும்பு நீளமா, மஞ்சள் வெள்ளையா, நுனியில் மத்தாப்பு மாதிரி பிரியும். 304 குட்டையா, செம்மஞ்சளா, பிரியாமல் போகும். இதுலயும் பக்கத்துல ஒரு தெரிஞ்ச துண்டு இருந்தாத்தான் கண்ணு ஏமாறாது. 202ஐயும் 304ஐயும் பொறியில் பிரிக்க என்னால ஆகாதுங்க, பிரிக்கிறேன்னு சொல்றவங்களையும் நான் நம்பறதில்லை.

#8 உப்பளவாசி (தூத்துக்குடி)

நேற்று முழுதும் இதே வேலை. வீட்டில் "காரைச் சரி பண்ணுகிறாயா, வேதியியல் பரீட்சைக்குப் படிக்கிறாயா" என்று கேட்டுவிட்டார்கள்.

சொட்டு மருந்து இங்கே கிடைக்கவில்லை. இன்னொரு குழுவில் ஒருவர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போதும் என்றார்: தண்ணீரில் கரைத்து, ராவிய இடத்தில் ஒரு சொட்டு விட்டால் சாதா இரும்பில் செம்பு படியும், எஸ்.எஸ்.ஸில் ஒன்றும் ஆகாது. உரக்கடையில் மயில்துத்தம் வாங்கிக் கரைத்து மூன்று இடத்தில் விட்டேன். ஜன்னல் கம்பியில் உடனே செம்பு நிறம். கடைக்காரர் பைப்பில் ஒன்றுமில்லை. வண்டியின் பழைய பைப்பில், மெதுவாகத்தான், ஆனால் செம்பு படிந்துவிட்டது!

அப்படியானால் டீசல்ராஜா சொன்னதுதான் சரியா? தீப்பொறியில் பழைய பைப் ஜன்னல் கம்பியை விடக் குறைவாகத்தான் பிரிந்தது, ஆனால் 304 அளவுக்குக் குட்டை இல்லை. நடுவில் நிற்கிறது. குழம்பிப்போய் நிற்கிறேன்.

#9 டீசல்ராஜா

😎

#10 ஃபெரைட்

ராஜா, கண்ணாடியைக் கழற்றுங்கள்.

மயில்துத்தச் சோதனை பொய்யில்லை, ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எஸ்.எஸ். மேல் குரோமியம் ஆக்ஸைடு மெல்லிய தோலாக மூடியிருப்பதால்தான் செம்பு படிவதில்லை. 11 சதவீதக் குரோமியத்தில் அந்தத் தோல் பலவீனம், அதிலும் நீங்கள் இப்போதுதான் அரத்தால் ராவியிருக்கிறீர்கள். குரோமியம் 16 சதவீதத்துக்குக் குறைவான ஃபெரிட்டிக் வகைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்யாதே, செய்தால் எப்படியும் செம்பு படியும் என்று ஏ.எஸ்.டி.எம். என்கிற தர அமைப்பின் ஏ967 தரநிலையே சொல்கிறது. சைலன்சர் பைப்பில் மயில்துத்தம் போட்டுப் பார்த்து "கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று சொல்பவர்கள் எல்லாரும் விழுகிற குழி இதுதான். நீங்கள் பார்த்த மூன்று பதிலும் என் கணக்கில் ஒழுங்காகப் பொருந்துகின்றன: ஜன்னல் கம்பி சாதா இரும்பு, பழைய பைப் 409, கடை பைப் ஏதோ ஓர் ஆஸ்டெனிட்டிக். அது 304ஆ, ஜே4ஆ என்பதை மட்டும் மயில்துத்தத்தால் சொல்ல முடியாது.

இன்னொரு வாய்ப்பையும் பார்த்து விலக்கிவிட வேண்டும். அலுமினியம் பூசிய சாதா இரும்பிலும் சைலன்சர் செய்கிறார்கள். அது துருப்பிடிக்காத இடத்தில் மங்கலான வெள்ளி நிறத்தில் இருக்கும், ராவினால் மேல்தோல் போய் உள்ளே வேறு நிறம் தெரியும், தோல் போன இடத்தில் இரும்பு மாதிரியே துரு ஊதிப் பெருகும். உங்களுடையது அப்படி இல்லை.

ஊகம் போதும். இரண்டு பைப்பிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தட்டையான துண்டு வெட்டி, பக்கத்தில் ஃபவுண்டரி, வால்வு கம்பெனி இருக்கிற ஊரில் ஸ்பெக்ட்ரோ (உலோகத்தில் எது எவ்வளவு என்று அளக்கிற கருவி) ஆய்வகத்தில் கொடுங்கள். துப்பாக்கி மாதிரிக் கையில் பிடித்துப் பார்க்கிற எக்ஸ்ரே கருவியும் உண்டு, பழைய இரும்பு மொத்த வியாபாரிகளிடமே இருக்கிறது. ஆனால் அதற்குக் கார்பன் தெரியாது, 304க்கும் 304எல்லுக்கும் (கார்பன் குறைந்த 304) உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது. பொறி விட்டுப் பார்க்கிற ஸ்பெக்ட்ரோவுக்குத் தெரியும்.

#11 பனிக்காலம் (டொராண்டோ)

உங்கள் ஊரில் காற்றில் உப்பு. இங்கே குளிர்காலத்தில் பனி உருக மாநகராட்சியே சாலையில் உப்புப் போடும், நாலைந்து மாதம் காரின் அடிவயிறு உப்புத் தண்ணீரிலேயே ஊறும். அதனால் இந்தக் கதை எனக்குப் பழக்கம்.

நான் பார்த்தவரை 409 பைப் நடுவில் ஓட்டையாவது அபூர்வம். ஓட்டை விழுவது வெல்டுக்குப் பக்கத்தில், அல்லது கிளாம்புக்கு அடியில், அல்லது மஃப்ளரின் அடிப்பக்கத்தில். மஃப்ளருக்குள் தண்ணீர் நிற்கும். எஞ்சின் எரிக்கிற எரிபொருளிலிருந்து வருகிற நீராவி குளிர்ந்து அதில் தேங்கும், கொஞ்சம் அமிலமாகவும் இருக்கும். பக்கத்துக் கடைக்கு மட்டும் வண்டி எடுக்கிறவர்களுக்கு மஃப்ளர் முழுதாகச் சூடேறாது, தண்ணீர் வெளியேறாது. உப்பளவாசி அண்ணை, உங்கள் வண்டியும் சின்ன ஓட்டமா?

இன்னொன்று. வெளிநாட்டு வண்டி என்றால் பாகத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஜெர்மன் பாகம் என்றால் 1.4512 என்பது 409, 1.4509 என்பது 441, 1.4301 என்பது 304, 1.4541 என்பது 321. ஜப்பான் என்றால் 409க்கு எஸ்.யு.எச். 409எல் என்று எழுதுவார்கள். எல்லா வண்டியிலும் குத்தியிருக்காது, ஆனால் இருந்தால் மயில்துத்தச் செலவு மிச்சம்.

#12 உப்பளவாசி (தூத்துக்குடி)

ஆமாம், மார்க்கெட், பள்ளிக்கூடம், வீடு. ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் வந்தால் அதிகம். பின் டப்பாவைக் கழற்றிச் சரித்தேன், கால் டம்ளர் கறுப்புத் தண்ணீர் வந்தது.

ஸ்பெக்ட்ரோ ரிசல்ட் வந்துவிட்டது. மச்சான் கோயம்புத்தூர் போனார், அவரிடம் துண்டுகளைக் கொடுத்து அனுப்பினேன்.

பழைய பைப்: குரோமியம் 11.2, நிக்கல் 0.15, டைட்டானியம் 0.19, கார்பன் 0.008.

கடை பைப்: குரோமியம் 14.3, நிக்கல் 1.1, மாங்கனீஸ் 9.6, செம்பு 1.6, கார்பன் 0.09.

அண்ணாச்சிக்கும் ஃபெரைட்டுக்கும் முழு மார்க். கடைக்காரரிடம் தாளைக் காட்டினேன். "எஸ்.எஸ். தானே கேட்டீங்க, எஸ்.எஸ். தானே கொடுத்தேன்" என்கிறார். காசு திரும்பாது.

#13 செகண்ட் ஷிப்ட் (கோவை)

ஜே4 தானுங்க. 304ன்னா குரோமியம் 18, நிக்கல் 8 கிட்ட நிக்கணும்.

#14 ஃபெரைட்

பழையது சுத்தமான 409எல். டைட்டானியம் அளவே சொல்லிவிடுகிறது.

ஜே4ஐ ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால் இரண்டு காரணம். குரோமியம் 14 தான், நிக்கலும் பேருக்குத்தான், உங்கள் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அதை விட மோசம் அந்த 0.09 கார்பன். 425இலிருந்து 870 டிகிரி வரை உள்ள சூட்டில் ஆஸ்டெனிட்டிக் எஃகு நின்றால், கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தின் உள்ளே இருக்கிற நுண்ணிய மணிகளின் ஓரத்தில் கார்பைடாக உட்கார்ந்துவிடும். அந்த ஓரம் குரோமியம் இல்லாமல் அனாதையாகி அரிக்க ஆரம்பிக்கும். வெல்டுக்கு இரண்டு பக்கமும் இது நடக்கும். சைலன்சரோ ஓடும்போதும் சூடாகிறது. 304எல்லில் கார்பனை 0.03க்குள் கட்டிவைப்பது இதற்காகத்தான், 321இலும் 409இலும் டைட்டானியம் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

#15 ஆர்கான் அண்ணாச்சி (நெல்லை)

ராடு விஷயத்துக்கு வருவோம். 309எல் வாங்குங்கள் தம்பி. 304ஐ 304உடன் வைக்க 308எல் போதும். ஆனால் எஸ்.எஸ்.ஸை வேறு எதோடு சேர்த்தாலும், சாதா இரும்பு ஃபிளேஞ்ச் (போல்ட் போடுகிற விளிம்புத் தட்டு), 409, என்னவென்றே தெரியாத பழைய டப்பா, எல்லாவற்றுக்கும் 309எல் தாங்கும். அதில் குரோமியமும் நிக்கலும் தாராளமாக இருக்கும், எதிராளி இரும்பு கலந்து நீர்த்தாலும் வெல்டு விரிசல் விடாது. என் பட்டறையில் சைலன்சர் வேலைக்கு வேறு ராடு நான் எடுப்பதில்லை.

#16 ஃபெரைட்

அண்ணாச்சியோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். கால்வாசி சண்டை உண்டு.

409ஐ 409உடன் வைக்கும்போது, கிடைத்தால், அதே ஃபெரிட்டிக் குடும்பத்து ராடுதான் நல்லது. காரணம் விரிவு. 304உம் 309உம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 17 மைக்ரான் விரியும். 409 ஏறத்தாழ 11. ஒரு மீட்டர் பைப் 400 டிகிரி சூடேறினால் 304 கிட்டத்தட்ட 7 மில்லி நீளும், 409 நாலரை மில்லிதான். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும், நிறுத்தும்போதும் வெல்டு ஓரத்தில் இந்த இழுபறி. மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்க் கூட்டம்) பக்கம் இது வருடக்கணக்கில் சேர்ந்து விரிசலாகும்.

#17 ஆர்கான் அண்ணாச்சி (நெல்லை)

கணக்கு சரிதான் தங்கச்சி. ஆனால் 409 ராடு ஒரு கிலோ சில்லறையில் வாங்கிக் காட்டுங்கள் பார்ப்போம். அதுவும் இந்தத் தம்பிக்கு ஓட்டை பின் டப்பா வாசலில். அங்கே சூடு குறைவு, டீசல் வண்டி வேறு. நான் 309எல்லில் வைத்த பின் டப்பாக்கள் விரிசல் விட்டுத் திரும்பி வந்ததில்லை. மேனிஃபோல்டு திரும்பி வந்திருக்கிறது, மறைக்க மாட்டேன்.

#18 ஃபெரைட்

பின்பக்கத்துக்கு 309எல்லே சரி, சண்டை வாபஸ். கொக்கியை மட்டும் பழையபடி ரப்பரில் சரியாகத் தொங்கவிடுங்கள். நீளுகிற நீளத்தை ரப்பரும் ஃபிளெக்ஸும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், இறுக்கிப் பிடித்தால் உங்கள் கொக்கி வெல்டு மறுபடி விரிசல் விடும். முதல் தடவை விரிசல் விட்டதும் அதனாலாக இருக்கலாம், பழைய ரப்பர் கல்லாகிவிட்டதா என்று பாருங்கள்.

#19 செகண்ட் ஷிப்ட் (கோவை)

பைப்புக்கு ஒரு யோசனைங்க. பால் பண்ணைக்கு லைன் போடறவங்க கிட்ட வெட்டித் தள்ளின துண்டு கிடைக்கும். பால் போற குழாய் என்கிறதால 304 அல்லது 304எல், அதுல ஏமாத்த முடியாது, ஹீட் நம்பரோட (எந்த உருக்குத் தொகுதின்னு சொல்ற எண்) சர்டிபிகேட் வந்திருக்கும். வெளி விட்டம் 50.8 மில்லி, கனம் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல, உங்க இரண்டு அங்குலத்துக்கு அப்படியே உக்காரும். புதுசா வாங்கினாலும் மில் சர்டிபிகேட் கேளுங்க. தாளில் இருக்கிற ஹீட் நம்பரும் பைப் மேல அச்சடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். பைப் மேல எழுத்தே இல்லாம வெறும் தாளை மட்டும் காட்டினா, அந்தத் தாள் எந்தப் பைப்புக்கோ தெரியாதுங்க.

#20 டீசல்ராஜா

குறுக்கே ஒரு கேள்வி. நண்பன் பெட்ரோல் டர்போ வண்டிக்கு 304இல் மேனிஃபோல்டு செய்யலாம் என்கிறான், கூடவே பின் டப்பாவை எடுத்துவிட்டு நேர் பைப். சரி வருமா?

#21 ஃபெரைட்

டர்போவுக்கு முன்னால் பெட்ரோல் வண்டியில் 900 டிகிரியைத் தாண்டும். 304 தொடர்ந்து ஒரே சூட்டில் நின்றால் 925 டிகிரி வரை தாங்கும் என்று அட்டவணையில் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சூடாகி ஆறிச் சூடாகி ஆறும்போது அந்த எல்லை 870 டிகிரிக்கு இறங்கிவிடும். அடியில் உலோகம் அதிகமாக விரிந்து சுருங்கும், மேலே இருக்கிற ஆக்ஸைடு தோல் அதனுடன் போக முடியாமல் உரிந்து கொட்டும். 409க்கு நேர் எதிர்: தொடர்ந்து என்றால் 705, விட்டு விட்டு என்றால் 815. கார் எப்போதும் விட்டு விட்டுத்தானே. மேனிஃபோல்டுக்கு 321 பைப், 347 ராடு. 321 ராடு கேட்காதீர்கள், டைட்டானியம் ஆர்க்கிலேயே எரிந்து போகும், அதனால்தான் நியோபியம் சேர்த்த 347.

#22 ஆர்கான் அண்ணாச்சி (நெல்லை)

டப்பாவை எடுக்கிற வேலையை என் பட்டறையில் கேட்டால் கதவைக் காட்டுவேன். மத்திய மோட்டார் வாகன விதி 120 படி சைலன்சர் கட்டாயம், தெருவில் குழந்தைகளும் தூங்க வேண்டும்.

உப்பளவாசி தம்பி, கத்தியை எடுக்கும் முன் இதைப் படித்துக்கொள்ளுங்கள். பழைய பைப்பைத் தாராளமாக வெட்டுங்கள், ஓட்டையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தட்டினால் கணீர் என்கிற இடத்தில். உள்ளே டீசல் கரி அப்பியிருக்கும், அதை ஓர் அங்குல ஆழத்துக்குப் பளபளவென்று சுரண்டி எடுங்கள். கரி என்றால் கார்பன், அது வெல்டில் கலந்தால் ஃபெரைட் தங்கச்சி சொன்ன கூத்தெல்லாம் நடக்கும். கம்பி பிரஷ் எஸ்.எஸ். கம்பியாக, புதிதாக இருக்கட்டும். இரும்பு கேட்டைத் தேய்த்த பிரஷ்ஷால் தேய்த்தால் நல்ல 304உம் ஒரு வாரத்தில் துருப் பொட்டு வைத்துக்கொள்ளும்.

துடைக்க அசிட்டோன். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். சில பாட்டிலில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டால் ஃபாஸ்ஜீன் வாயு ஆகும். அது ஆளைக் கொல்லும், விளையாட்டில்லை.

ஒன்றரை மில்லிக்கு 45இலிருந்து 60 ஆம்பியர், 1.6 மில்லி டங்ஸ்டன் ஊசி, 1.6 மில்லி ராடு. பைப்பின் உள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும். இரண்டு வாயையும் அலுமினியம் டேப்பால் அடைத்து, ஒரு பக்கம் டியூப் சொருகி, மறு பக்கம் ஊசித் துளை போட்டு, நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் விட்டு, உள்ளே இருக்கிற காற்று வெளியேற நேரம் கொடுத்து அப்புறம் ஆர்க் பிடியுங்கள். உள்ளே ஆர்கான் இல்லையென்றால் பின்பக்கம் வெல்டு கருகி, சர்க்கரை கொட்டியது போல் பொறுக்குத் தட்டும், அங்கிருந்துதான் அடுத்த ஓட்டை. நாலு இடத்தில் பொட்டு வைத்து, கால் வட்டம் கால் வட்டமாகப் போங்கள். 409 பக்கம் சூடு தேங்கினால் மணி பெருத்து நொறுங்கும், கையைத் தாமதிக்காதீர்கள். வெல்டு வைக்கோல் நிறமோ பொன்னிறமோ இருந்தால் சபாஷ், நீலம் பரவாயில்லை, சாம்பல் கறுப்பு என்றால் சூடு அதிகம் அல்லது கேஸ் போதவில்லை.

வண்டியிலேயே வைத்துப் பற்ற வைப்பதானால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். முடிந்தால் கழற்றிக் கீழே போட்டுச் செய்யுங்கள், கழுத்துக்கும் நல்லது.

#23 உப்பளவாசி (தூத்துக்குடி)

முடித்துவிட்டேன்.

பால் குழாய்த் துண்டு மூன்று அடி மச்சான் மூலமாகவே வந்தது, மேலே 304எல் என்றும் ஹீட் நம்பரும் தெளிவாக அச்சாகியிருந்தது. 309எல் ராடு அரைக் கிலோ. ரப்பர் நான்கில் மூன்று ஃபெரைட் சொன்ன மாதிரி கல்லாகியிருந்தது, மாற்றினேன். முதல் வெல்டில் ஆர்கானை உள்ளே விட மறந்தேன் (ஆம், அண்ணாச்சி அவ்வளவு எழுதிய பிறகும்), பின்பக்கம் பார்த்தால் சொன்னபடி கருப்புச் சர்க்கரை. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி. இரண்டாவது நல்ல பொன்னிறம், ஓரிடத்தில் மட்டும் நீலம். டப்பாவின் அடியில் ஊறிப் பழுத்த இடத்தை வட்டமாக வெட்டி 304எல் தகடு போட்டேன், அந்த இடம் கொஞ்சம் அசிங்கம்தான், கீழே படுத்தால்தான் தெரியும். வண்டியை ஸ்டார்ட் செய்து சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், எங்கும் குமிழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் திருச்செந்தூர் போய் வருவதாக வீட்டில் ஒப்பந்தம், டப்பாவில் தேங்குகிற தண்ணீர் காயட்டும் என்று. முருகனுக்குக் காரணம் தெரிய வேண்டாம்.

நாலு அடி ஜே4 பைப் மிச்சம் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

#24 செகண்ட் ஷிப்ட் (கோவை)

வீட்டுக்குள்ள துண்டு காயப்போட கம்பி போடுங்க. மொட்டை மாடியில வேண்டாம், உப்புக்காத்து படும்.

#25 டீசல்ராஜா

எனக்குத் தருவீர்களா ப்ரோ? நண்பனிடம் 304 என்று சொல்லிக்கொள்கிறேன்.

#26 ஆர்கான் அண்ணாச்சி (நெல்லை)

தம்பி, அந்தப் பழைய இரும்புக் கடை உன்னுடையதுதானா?